யேல் யங் ஆஃப்ரிக்கன் ஸ்காலர்ஸ்: விண்ணப்பம் முதல் பயணம் வரை ஓர் ஆசிரியரின் வழிகாட்டி

ஜாம்பியாவின் காப்பர்பெல்ட் மாகாணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். பள்ளி திறந்த முதல் வாரத்தில் யாராவது ஒரு மாணவன் கைபேசியை நீட்டி, "சார், இது உண்மையா?" என்று கேட்பது ஆண்டுதோறும் நடக்கிறது. திரையில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு நடத்தும் முகாமின் பெயர் இருக்கும். அதன் பக்கத்திலேயே 'இலவசம்' என்ற சொல்லும் இருக்கும். இலவசம் என்றாலே ஏமாற்று என்று நினைக்கிற அளவுக்கு இந்தப் பிள்ளைகள் அடிபட்டிருக்கிறார்கள். "முன்பணம் கட்டினால் கனடாவில் படிப்பு" என்று சொல்லிக் குடும்பங்களின் சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் இந்த ஊரிலும் உண்டு.

இது உண்மைதான். ஆனால் இங்கே 'இலவசம்' என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு வந்த ஆசிரியர்கள் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் கணக்கு ஆசிரியர், அறிவியல் ஆசிரியர் வீட்டு வாசலில்தான். டர்பனிலும் மொரீஷியஸிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆப்பிரிக்க நாட்டுக் குடிமக்களே.

என்ன திட்டம், யாருக்கு?

யேலின் தலைவராகப் பொறுப்பேற்ற பீட்டர் சலோவே 2013 அக்டோபரில் ஆற்றிய தொடக்க உரையில், பல்கலைக்கழகம் ஆப்பிரிக்காவின் மீது தனிக்கவனம் செலுத்தும் என்று அறிவித்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் யேல் யங் ஆஃப்ரிக்கன் ஸ்காலர்ஸ். 2014 முதல் நடக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரம் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் முகாம் இது. மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போவதில்லை. யேல்தான் ஆப்பிரிக்காவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் கானா, ருவாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளிலும் ஒவ்வொரு அமர்வுக்கும் சுமார் 100 பேர் என்ற கணக்கில் நடந்தது. இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே பழைய மாணவர் யாராவது சொன்னதை நம்பி ஊரை முடிவு செய்ய வேண்டாம்.

வயது 14 முதல் 18 வரை. ஆப்பிரிக்க நாட்டுக் குடியுரிமை வேண்டும். ஆங்கிலத்தில் வகுப்பைப் பின்தொடர முடிய வேண்டும். பள்ளிப் படிப்பை இன்னும் முடிக்காதவர்களை மனதில் வைத்து அமைத்த திட்டம் என்பதால், 11ஆம் வகுப்பு மாணவருக்குச் சரியாகப் பொருந்தும். பெற்றோரின் வேலை அனுமதியில் இங்கே வாழும் இந்தியப் பாஸ்போர்ட் பிள்ளைக்கு இது பொருந்தாது. அந்த வருத்தமான உரையாடலை நான் சக ஊழியர்கள் சிலரோடு நடத்தியிருக்கிறேன். வேறு கண்டத்தில் படிக்கும் ஆப்பிரிக்கக் குடிமக்கள் அந்தந்த ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் பணம் இல்லை. அங்கே போய்வரும் செலவு மட்டும் குடும்பத்தினுடையது. வசதி இல்லாதவர்களுக்குப் பயண உதவி உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்காது. நான் சொன்ன எல்லை இதுதான். இடையில் யாராவது 'பதிவுக் கட்டணம்' என்று கைபேசிப் பணம் அனுப்பச் சொன்னால், அவருக்கும் யேலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கோடைக்கால முகாம் என்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் குளிர்காலம். கானா தலைநகர் அக்ராவில் ஆண்டிலேயே வெப்பம் குறைந்த மாதம் ஆகஸ்ட். கோடை என்பது யேல் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரின் கோடை. பெயரை நம்பி அரைக்கைச் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன் விடியற்காலையில் நடுங்குவான். ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

அக்டோபரில் தொடங்குங்கள்

விண்ணப்பக் காலம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிடும். எங்கள் பள்ளிகளோ டிசம்பர் தொடக்கத்தில் மூடி ஜனவரி நடுவில் திறக்கின்றன. அந்த ஆறு வாரங்களில் தலைமையாசிரியர் சொந்த ஊரில் இருப்பார், முத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கும். ஜனவரியில் தொடங்குகிறவனுக்கு உண்மையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அக்டோபரில் தொடங்கினால் மதிப்பெண் பதிவேடும் கடிதமும் விடுமுறைக்கு முன்பே கையில் இருக்கும். டிசம்பர் முழுவதும் கட்டுரைக்கு மிச்சம்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயரோடு பள்ளிப் பதிவில் இன்னொன்று, 16 வயதில் வாங்கும் தேசிய அடையாள அட்டையில் குடும்பப் பெயர் முன்னே வந்து மூன்றாவது வடிவம் என்று இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. இனிஷியலை விரித்து எழுதச் சொல்லிப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நின்ற தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் எந்த வடிவம் இருக்கிறதோ, இருக்கப்போகிறதோ, அதையே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

மின்னஞ்சலுக்கு மாணவரின் சொந்த முகவரி வேண்டும், கடவுச்சொல் அவருக்கு நினைவிருக்கவும் வேண்டும். இணைய மையத்துக்காரர் திறந்து கொடுத்த முகவரியில் வந்த கடிதத்தை மூன்று வாரம் கழித்துப் பார்த்தவனை எனக்குத் தெரியும்.

மதிப்பெண் பதிவேடு

ஜாம்பியாவில் 1 என்பது உச்சம், 9 என்பது தோல்வி. நல்ல ஆறு பாடங்களைக் கூட்டி ஆறு புள்ளி எடுத்தவனை ஊரே பேசும். இந்த அளவுகோல் தெரியாதவர் கண்ணுக்கு 'கணக்கு 1, வேதியியல் 2' என்பது பரிதாபமான மதிப்பெண்ணாகத் தெரியலாம். கானாவிலும் நைஜீரியாவிலும் ஏ1 முதல் எஃப்9 வரை, கென்யாவில் ஏ முதல் ஈ வரை, பிரெஞ்சு மொழி நாடுகளில் 20க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணக்கு. ஆப்பிரிக்க விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் பதிவேட்டின் அடியில் அளவுகோலை இரண்டு வரியில் விளக்கித் தட்டச்சு செய்து, மேலேயே பள்ளி முத்திரை வைத்துவிடுங்கள். வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனையாவது இடம் என்பதையும் சேர்க்கலாம். 52 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூன்றாம் இடம் என்பது தானாகவே ஒரு கதை சொல்லும்.

ஸ்கேன் செய்ய இயந்திரம் இல்லாவிட்டால் கைபேசி போதும். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். விரல் நிழல் விழுந்த படத்தை அனுப்பாதீர்கள்.

கட்டுரை

எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

மாணவர்கள் கொண்டுவரும் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே கட்டுரையாக இருக்கும். "சிறு வயதிலிருந்தே ஆப்பிரிக்காவை மாற்ற வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கும். நடுவில் மண்டேலாவின் மேற்கோள் ஒன்று வரும். வறுமையை ஒழிப்பேன், ஊழலை ஒழிப்பேன் என்று முடியும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதே கட்டுரை இன்னும் வழவழப்பாக வருகிறது. பிள்ளைக்கு அந்தக் கனவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளின் மேல் இருக்கும் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து மாணவன் பெயரை எழுதினால் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. படிப்பவர் அதிலிருந்து யாரைத் தெரிந்துகொள்வார்?

என் மாணவி ஒருத்தியின் கட்டுரையைச் சொல்கிறேன். முதல் வரைவில் அவளும் ஆப்பிரிக்காவை மாற்றினாள். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, நேற்று பள்ளி விட்டதும் என்ன செய்தாய் என்று கேட்டேன். அத்தையின் கடையில் கைபேசிகளுக்குச் சார்ஜ் போட்டேன் என்றாள். அது 2024. வறட்சியில், நீர்மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கம் வற்றி, நாட்டில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத காலம். அத்தையிடம் ஒரே ஒரு சூரியத் தகடு. மாலையில் 14 கைபேசிகள் வந்து கிடக்கும், வெயில் தாழ்வதற்குள் அத்தனையும் முடியாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் வழக்கம். அவள் அதை மாற்றியிருக்கிறாள். சுரங்கத்தில் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் கைபேசிகளை முன்னே வைத்து, ஒரு நோட்டில் பெயர், வேலை, கிளம்பும் நேரம் எல்லாம் எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வாரம் தொலைவிலிருந்து நடந்து வந்த ஒரு பாட்டியின் கைபேசி கடைசியில் தள்ளப்பட்டுச் சார்ஜ் ஏறாமலே திரும்பிப் போனது. அவருடைய மகளுக்கு அன்று பிரசவம் என்பது மறுநாள்தான் இவளுக்குத் தெரிந்தது. நோட்டில் ஒரு கட்டம் குறைந்துவிட்டது சார் என்றாள். "ஏன் அவசரம்?" என்று வந்தவர்களை நான் கேட்கவே இல்லை, அதுதான் அந்தக் கட்டம் என்றாள்.

இதை எழுது என்றேன். இதில் தலைமைப் பண்பு எங்கே சார் என்று கேட்டாள்.

ஒரு விதியை மாற்றியது, மாற்றியதால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததைக் கவனித்தது, அந்தப் பழியைத் தானே ஏற்றுக்கொண்டது. இதைவிடத் தெளிவாகத் தலைமைப் பண்பை நான் எந்த மாணவர் தலைவன் கட்டுரையிலும் படித்ததில்லை. பதவிகளை எழுதுவதற்குப் படிவத்தில் தனி இடம் இருக்கும். கட்டுரையில் அவற்றை மறுபடி அடுக்க வேண்டாம்.

செய்முறையாகச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். முதலில் வாயால் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். தாய்மொழியான பெம்பாவில் சொன்னாலும் சரி, சுவாஹிலியில் சொன்னாலும் சரி. பிறகு அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதட்டும். சொல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் படிவமே ஏற்காது. எனவே இரண்டு மடங்கு எழுதிப் பாதியாகக் குறைக்கட்டும். குறைக்கும்போது முதலில் போக வேண்டியது முதல் பத்தி. அநேகமாக அது தொண்டையைக் கனைக்கும் பத்தியாகத்தான் இருக்கும். ஆசிரியராகிய நாம் இலக்கணப் பிழையைச் சுட்டலாம், கேள்வி கேட்கலாம். ஒரு வாக்கியத்தையும் நாம் எழுதிக்கொடுக்கக் கூடாது. 17 வயதுக் குரலுக்கு நடுவே 50 வயதுக் குரல் ஒன்று எட்டிப் பார்த்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம்: ஆசிரியர்களுக்கு

"ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், நேரம் தவறாதவர்." நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் எழுதினேன். நம் ஊர் நன்னடத்தைச் சான்றிதழின் பழக்கம் விடவில்லை. வாயில் காவலர் வேலைக்கு இந்தக் கடிதம் போதும். விவாதம் செய்யவும் கேள்வி கேட்கவும் ஆள் தேடுகிறவர்களுக்குக் 'கீழ்ப்படிதல்' ஒரு தகுதியே அல்ல.

ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். சார்ஜ் போட்ட அதே மாணவிக்கு நான் எழுதியது இது. அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன் சோதனையில் வகுப்பு முழுவதும் 24.8 மில்லிலிட்டர் என்று எழுதியிருக்க, அவளுக்கு மட்டும் 27.4 வந்தது. மற்றவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்துத் திருத்தியிருப்பார்கள். அவள் பியூரெட் என்ற அளவுக் குழாயில் தண்ணீரை நிரப்பி, அடித்திருகை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகு கசிந்தது. அதன் பிறகுதான் வேறு பியூரெட் கேட்டு வந்தாள். இந்த ஒரு பத்திக்குப் பிறகு 'நேர்மையானவர்' என்று எழுத வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

இன்னொன்றையும் கடிதத்தில் சேருங்கள்: பள்ளியின் நிலை. ஆய்வகத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பியூரெட், நூலகம் இருக்கிறதா, மின்சாரம் எப்படி. புலம்பலாக இல்லாமல் தகவலாக எழுதினால், மாணவரின் மதிப்பெண்ணுக்கு உரிய எடை கிடைக்கும். கடிதத்தை மாணவரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே பதிவேற்றுங்கள். இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அது தேவையற்ற அஞ்சல்களின் கூடையில் விழுந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுப்பும் நாள்

கடைசி நாள் என்று போட்டிருப்பது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படியா என்று பாருங்கள். பிப்ரவரியில் அங்கே இரவு 11.59 என்றால் அக்ராவில் மறுநாள் விடியற்காலை 4.59, ஜாம்பியா தலைநகர் லுசாகாவிலும் ஹராரேயிலும் 6.59, நைரோபியில் 7.59. சில மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது என்று மகிழ வேண்டாம். அந்த நேரத்தில் மின்சாரமும் இணையமும் உங்கள் பக்கம் இருக்கும் என்று யார் சொன்னது? மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். கட்டுரையை நேராகப் படிவத்தில் தட்டாமல் தனிக் கோப்பில் எழுதிவைத்து ஒட்டுங்கள். அனுப்பியதும் வரும் உறுதிச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயண உதவி தேவை என்றால் அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தந்தையின் தொழில், மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர், பஸ் செலவு எவ்வளவு என்று எண்களாக எழுதுங்கள். கண்ணீர் தேவையில்லை.

தேர்வானால்

விமானம்தான் வேண்டும் என்றில்லை. முகாம் ஹராரேயில் என்றால் லுசாகாவிலிருந்து சிருண்டு வழியாகப் பஸ் ஓடுகிறது. சாம்பெசி ஆற்றின் மேல் இருக்கும் அந்த எல்லையில் 2009 முதல் இரு நாட்டுச் சோதனையும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. கானாவுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும்; ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ருவாண்டா 2018 முதல் எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கிய இடத்திலேயே விசா தருகிறது.

18 வயது நிரம்பாதவர் தனியாக எல்லை கடக்கும்போது பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு, பெற்றோரின் அடையாள அட்டை நகலும் பிறப்புச் சான்றிதழ் நகலும் இணைத்திருந்தால் நல்லது. தந்தை இறந்துவிட்ட பிள்ளைகள், பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்கள் இந்தத் தாளுக்காக முன்கூட்டியே அலைய வேண்டியிருக்கும். முகாம் பள்ளி நாட்களில் விழுந்தால் தலைமையாசிரியரின் விடுப்பு அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே நடப்பது: பேராசிரியர்களின் சொற்பொழிவு, யேல் மாணவர்களே நடத்தும் சிறு கருத்தரங்குகள், குழு விவாதம், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்ற பட்டறை. மதிப்பெண் போடமாட்டார்கள். யேலில் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் கூடி வழியனுப்பும் ஆர்ப்பாட்டத்தில், பிள்ளை அமெரிக்காவில் சேர்ந்துவிட்டதாகவே பேச்சு கிளம்பிவிடும்.

எங்கள் வகுப்புகளில் ஆசிரியர் பேசுவார், 50 பேர் எழுதுவார்கள். அங்கே ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசச் சொல்கிறார்கள். "முதல் இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை சார்" என்று சார்ஜ் போட்ட அந்த மாணவி திரும்பி வந்து சொன்னாள். ஆகவே போவதற்கு முன்பே பழக்குங்கள். நான் பள்ளி விட்டதும் ஐந்து பேரை உட்காரவைத்து, நான் வேண்டுமென்றே தவறாகச் சொல்வதை எதிர்த்து வாதாடச் சொல்வேன். முதல் நாள் யாரும் பேசமாட்டார்கள். மூன்றாம் நாள் அடக்க முடியாது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது அந்த விண்ணப்பப் பட்டறை என்பது என் கருத்து. வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்து, பிறகு தேவைப்படும் உதவி முழுவதையும் தரும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்றவை அந்த வரிசை. கட்டணத் தொகையைப் பார்த்து மூடிவைத்த பக்கத்துக்குப் பின்னால் இப்படியொரு கதவு இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதற்கான நிதிப் படிவங்களை எப்படி நிரப்புவது, விண்ணப்பக் கட்டண விலக்கை எப்படிக் கேட்பது என்பதை வேறு யாரும் சொல்லித் தருவதும் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஊரில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

தேர்வாகவில்லை என்றால்

அந்த மாணவியும் 10ஆம் வகுப்பில் அனுப்பியபோது தேர்வாகவில்லை. ஆப்பிரிக்காவை மாற்றும் கட்டுரையோடு போன விண்ணப்பம் அது. 11ஆம் வகுப்பில் மறுபடி அனுப்பினாள். வயது இருக்கும்வரை இன்னொரு முறை முயலத் தடையில்லை.

எழுதிய கட்டுரையை அழித்துவிட வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கில் 2008 முதல் நடக்கும் ஆஃப்ரிக்கன் லீடர்ஷிப் அகாடமியின் இரண்டாண்டுப் படிப்புக்கும் இதே போன்ற கட்டுரைகளும் கடிதங்களும்தான் கேட்கிறார்கள். ஜிம்பாப்வேயில் 1999இல் தொடங்கிய யூசாப், கென்யாவில் 2004இல் தொடங்கிய கென்சாப் ஆகியவை நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குத் தயார் செய்கின்றன. அமெரிக்கத் தூதரகங்களோடு இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ மையங்களில் ஆலோசனைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. தலைநகருக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போகும் மாணவன், நம்மிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளையும் அங்கே கேட்டுவிட்டு வருவான்.